அடிக்கல் இருக்கிறது, வரைபடம் எங்கே?

தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்குச் செல்லுங்கள், கோயில் திருமண மண்டபத்துக்குச் செல்லுங்கள், தோட்டத்துப் பொது மண்டபத்துக்குச் செல்லுங்கள். வாசற்சுவரில் ஒரு கருங்கல் பலகை பதிக்கப்பட்டிருக்கும். அடிக்கல் நாட்டியவர், திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர் என்று பெயர்கள் பட்டங்களோடு வரிசை பிடித்து நிற்கும். பக்கத்திலேயே ஐந்நூறு வெள்ளி, ஆயிரம் வெள்ளி என்று நன்கொடையாளர் பட்டியலும் இருக்கும். இவையெல்லாம் இருக்க வேண்டியவைதாம். கொடுத்தவரை மறப்பது தமிழர் பண்பன்று. ஆனால், அந்தக் கட்டடத்தைச் சிந்தித்து வரைந்தவர் யார்? வேறு யாரேனும் வேறு விதமாக வரைந்து கொடுத்தார்களா? அது ஏன் வேண்டாமென்று விடப்பட்டது? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லும் பலகை ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

பலகைதான் இல்லை, காகிதமாவது இருக்கிறதா? இதுவே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி. நாம் கட்டடம் எழுப்பத் தெரிந்த சமுதாயம். கட்டடத்தின் ஆவணத்தைக் காக்கப் பழகாத சமுதாயம். தோட்டம் விற்கப்படுகிறது, பள்ளி இடம் மாறுகிறது, கோயில் பெயர்த்து எடுக்கப்படுகிறது. இப்படிக் கட்டடங்கள் அடிக்கடி கைநழுவிப் போகும் மலேசியத் தமிழர்களுக்கு அந்தக் காகிதங்கள் மற்றவர்களைக் காட்டிலும் அதிகம் தேவை என்பது என் கருத்து.

தோற்றவரையும் காக்கும் நாடு

இந்த விஷயத்தில் கனடா நாட்டின் பழக்கம் கவனிக்கத் தக்கது. அங்குப் பொதுப்பணத்தில் எழும் முக்கியக் கட்டடங்கள் பலவற்றுக்கு வடிவமைப்புப் போட்டி நடத்துகிறார்கள். ஒட்டாவா நாடாளுமன்றக் கட்டடங்களுக்கே 1859-இல் போட்டி வைத்துத்தான் வடிவம் தேர்ந்தெடுத்தார்கள்.

டொரோண்டோ மாநகர மண்டபத்தின் கதை இன்னும் சுவையானது. 1950களின் நடுவில் உள்ளூர் நிறுவனங்கள் சேர்ந்து ஒரு வடிவம் தயாரித்தன. அது பழைய பாணி என்று பலரும் குறை கூறினர். பல்கலைக்கழகக் கட்டடக்கலை மாணவர்களும் வெளிப்படையாகக் கண்டித்தனர். 1955 இறுதியில் வாக்காளர்கள் அத்திட்டத்தைத் தோற்கடித்தனர். பிறகு அனைத்துலகப் போட்டி அறிவிக்கப்பட்டது. 42 நாடுகளிலிருந்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்து குவிந்தன. 1958-இல் பின்லாந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் வில்ஜோ ரெவல் வென்றார். வளைந்த இரண்டு கோபுரங்கள் ஒரு வட்ட மன்றத்தை அணைத்து நிற்பது போன்ற அந்த மண்டபம் 1965-இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டே ரெவல் காலமாகிவிட்டார்.

வென்றவரைப் போற்றுவது எந்த நாட்டிலும் உண்டு. தோற்ற வடிவங்களின் படங்களையும் காத்து வைத்திருப்பதுதான் டொரோண்டோவின் சிறப்பு. கனடியர்கள் அத்தோடு நிற்கவில்லை. 1979-இல் பில்லிஸ் லாம்பர்ட் என்ற கட்டடக் கலைஞர் மொண்ட்ரியாலில் கனடியக் கட்டடக்கலை மையத்தைத் தோற்றுவித்தார். வரைபடம், மாதிரி உருவம், புகைப்படம், கடிதம் எல்லாம் அங்கே காக்கப்படுகின்றன. அதே ஊரிலுள்ள மொண்ட்ரியால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாட்டில் நடந்த வடிவமைப்புப் போட்டிகளை ஒரே அட்டவணையாகத் தொகுத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். பரிசு பெற்ற வடிவம், பெறாத வடிவம், நடுவர் குழுவின் அறிக்கை என யாவும் அதில் இடம்பெறுகின்றன.

தோற்ற வரைபடம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஓர் ஊர் தனக்கு என்ன வேண்டும் என்று நினைத்தது, எதை வேண்டாமென்றது, என்ன காரணம் சொன்னது என்பதெல்லாம் தோற்ற வரைபடத்தில்தான் தெரியும். எழுந்து நிற்கும் கட்டடம் நமக்கு முடிவை மட்டும் காட்டுகிறது. அந்த முடிவுக்கு வந்த வழியைக் கோப்புகள்தாம் காட்டுகின்றன.

அதே டொரோண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில், ஸ்டெயின்ஸ் சாலையில், தமிழ்ச் சமூக மையம் ஒன்றை அமைக்கத் தமிழர்கள் பாடுபட்டு வருகிறார்கள். 2021-இல் கனடிய மத்திய அரசும் ஒண்டாரியோ மாநில அரசும் சேர்ந்து அதற்கு 26.3 மில்லியன் டாலருக்கு மேல் ஒதுக்கின. கோப்புகளைக் காக்கும் பழக்கமுள்ள மண்ணில் அந்த மையம் எழப்போகிறது. ஐம்பது ஆண்டு கழித்து ஒரு தமிழ் மாணவி அதன் கதையைத் தேடினால், கதவைத் தட்ட அவளுக்கு ஓர் இடம் இருக்கும். நம் ஊர் மாணவிக்கு?

நமக்குப் புதியதா?

இது வெள்ளைக்காரர் பழக்கம், நமக்கு ஒத்துவராது என்று சொல்பவர்கள் தஞ்சைக்குப் போய் வரட்டும். 1010-இல் நிறைவுற்ற பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் இராசராச சோழனின் பெயர் மட்டுமா இருக்கிறது? கட்டிய தலைமைத் தச்சர் குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சனின் பெயர் இருக்கிறது. கோயிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை இருக்கின்றன. விளக்குக்கு ஆடு கொடுத்தவர் பெயரும் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பொதுக் கட்டடம் ஒன்றையே ஆவணக் காப்பகமாக ஆக்கி வைத்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். இடையில் எங்கோ தச்சன் பெயரை விட்டுவிட்டுத் தலைவர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஆவணம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கோலாலம்பூரின் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் 1897-இல் நிறைவுற்றது. அதை வரைந்தவர் ஏ. சி. நார்மன் என்றுதான் நெடுங்காலம் எல்லாரும் எழுதி வந்தார்கள். அவரிடம் உதவியாளராக இருந்த ஆர். ஏ. ஜே. பிட்வெல்லின் பங்கு எவ்வளவு பெரிது என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைப் புரட்டித்தான் வெளிக்கொணர்ந்தார்கள். கோப்பு இருந்ததால் உழைத்தவருக்கு நூறாண்டு கழித்தாவது பெயர் கிடைத்தது.

ஆவணத்தின் அருமையை நெருப்பும் கற்றுத் தருகிறது. யாழ்ப்பாணப் பொது நூலகம் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வடிவமைப்பில், நூலகவியல் தந்தை எஸ். ஆர். ரங்கநாதனின் ஆலோசனையோடு எழுந்தது. அது 1981-இல் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. பின்னாளில் கட்டடம் பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுந்தது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் துங்கு வேந்தர் மண்டபம் 2001-இல் தீக்கிரையானது. கட்டடக் கலைஞர் கிங்டன் லூ வடிவமைத்த அந்த மண்டபமும் பழைய உருவிலேயே புதுப்பிக்கப்பட்டது. எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் எரிந்ததை மீண்டும் எழுப்ப முடியும். நம் தோட்டத்துப் பள்ளி ஒன்று நாளை எரிந்தால் எதைப் பார்த்து எழுப்புவோம்? பரிசளிப்பு விழாப் படத்தின் பின்னணியைப் பார்த்தா?

பேராக்கில் நம் சுவடுகள்

நான் பாகான் செராய்க்காரன். எங்கள் கிரியான் மாவட்டத்தை நெல்வயலுக்காகத்தான் வெளியூரார் அறிவார்கள். அந்த வயலுக்கு நீர் தரும் புக்கிட் மேரா நீர்த்தேக்கமும் கிரியான் நீர்ப்பாசனத் திட்டமும் 1906-இல் நிறைவுற்றவை. அதற்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இந்த வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களில் தமிழர்கள் வியர்வை சிந்தினார்கள். 1880களில் பிரெஞ்சுப் பாதிரியார் ரெனே ஃபே பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கர்களைக் குடியமர்த்தினார். இந்தச் செய்தி நமக்குத் தெரிகிறதென்றால், பாரிஸ் நகரத்து மறைபரப்புச் சபை தன் ஏடுகளை ஒழுங்காகக் காத்து வந்ததே அதற்குக் காரணம்.

ஈப்போவுக்குப் போனால் 1917-இல் முடிந்த இரயில் நிலையம் கம்பீரமாக நிற்கிறது. வரைந்தவர் ஏ. பி. ஹப்பக் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பத்து காஜாவுக்கு அருகில் கெல்லி மாளிகை இருக்கிறது. அதைக் கட்ட வில்லியம் கெல்லி ஸ்மித் சென்னை மாகாணத்திலிருந்து எழுபது தொழிலாளர்களை வரவழைத்தார். 1926-இல் அவர் லிஸ்பன் நகரில் இறந்ததும் வேலை பாதியில் நின்றது. பக்கத்திலுள்ள மாரியம்மன் கோயில் கோபுரத்தில், தெய்வச் சிலைகளுக்கு நடுவே, தொப்பியணிந்த துரையின் உருவத்தையும் தொழிலாளர்கள் வைத்தார்கள். துரையின் பெயர் மாளிகைக்கும் நிலைத்தது, கோபுரத்திலும் உருவமாய் நிலைத்தது. அந்த எழுபது பேரின் பெயர்களைச் சுற்றுப்பயணிகள் யாரும் கேட்பதில்லை.

லயத்து வீடுகளின் கதியும் இதுதான். தமிழர்கள் அதிகமாக வாழ்ந்த கட்டடம் எது என்றால் கோயிலுமில்லை, பள்ளியுமில்லை, லயம்தான். எத்தனை அடி அகலம், எத்தனை கதவு, குழாய் எங்கே, அடுப்படி எங்கே என்பதையெல்லாம் யாரோ ஒருவர் ஒரு மேசையில் அமர்ந்து முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவுக்குள்தான் நம் பாட்டன் பாட்டியர் பிள்ளை பெற்றார்கள், பிணம் தூக்கினார்கள். பெரிய தோட்ட நிறுவனங்களின் தலைமையகங்கள் இலண்டனில் இருந்தன. ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்பீல்ட் குழுமத்தின் ஆவணங்கள் இன்றும் இலண்டன் ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கின்றன. நம் வாழ்க்கையின் கணக்கைப் பார்க்க நாம் விமானம் ஏற வேண்டியிருக்கிறது!

ஏட்டுச் சுரைக்காயா?

“கூரை ஒழுகுகிறது, பிள்ளைகளுக்கு நாற்காலி இல்லை, இதில் பழைய காகிதம் ஒரு கேடா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நான் கட்டுமானப் பொறியியல் மாணவன் என்பதால் என் துறையிலிருந்தே விடை சொல்கிறேன்: இந்தச் சுரைக்காய் கறிக்கு உதவும்.

தொழிற்பயிற்சியின்போது ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தின் மேல் ஒரு மாடி கூட்டலாமா என்று பார்க்கச் சென்ற குழுவில் நானும் இருந்தேன். பொறியாளர் முதலில் கேட்டது வரைபடத்தைத்தான். அலமாரி மேல் சுருட்டி வைத்திருந்ததைக் கரையான் தின்றுவிட்டது என்றார்கள். வரைபடம் இல்லையென்றால் தூணுக்குள் எத்தனை கம்பி ஓடுகிறது, அடித்தளம் எவ்வளவு ஆழம் என்று தெரியாது. கருவி வைத்துக் கம்பியைத் தேட வேண்டும், காங்கிரீட்டைத் துளைத்து மாதிரி எடுக்க வேண்டும், அடித்தளத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் அளந்து புதிதாக வரைய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பணம். அந்தப் பணம் பெற்றோர் ஆசிரியர் சங்கம் உணவுச் சந்தை நடத்திச் சேர்த்த பணம். ஒரு சுருள் காகிதம் இருந்திருந்தால் அந்தப் பணத்தில் நாற்காலியே வாங்கியிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் படித்த தமிழ்ப்பள்ளியின் பழைய கட்டடம் பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்டது. நீளவாக்கில் அது கிழக்கு மேற்காகக் கிடந்தது. அதனால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய சுவர்களில் மட்டுமே விழுந்தன. சன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் இருந்தன. வயற்காற்று வகுப்புக்குள் புகுந்து போகும். விசிறி இல்லாமலே பாடம் நடக்கும். பின்னர் வந்த புதிய கட்டடம் உறுதியானது, அழகானது, சாலையைப் பார்த்து நிற்பது. ஆனால் பிற்பகலில் வெயில் நேராக வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பழையதை வரைந்தவர் வெயிலைக் கணக்கிட்டு வரைந்தார் என்பது பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. கட்டடத்தை உடைத்தபோது அந்த அறிவும் சேர்ந்து உடைந்தது. வரைபடம் இருந்திருந்தால் புதியதை வரைந்தவர் அதைப் பார்த்துக் கற்றிருப்பார்.

மூன்றாவது பயன் உரிமை சார்ந்தது. ஒரு தோட்டம் கைமாறும்போது கோயில் எப்போது எழுந்தது, பள்ளியின் எல்லை எதுவரை என்ற சர்ச்சை எழுவதை நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோம். அப்போது நம்மவர் கையில் இருப்பது பெரும்பாலும் பெரியவர்களின் வாய்மொழிதான். வாய்மொழிக்கு மதிப்புண்டு. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் நாளும் அளவும் போட்ட ஒரு வரைபடம் பத்துப் பேரின் நினைவைக் காட்டிலும் உரக்கப் பேசும்.

என்ன செய்யலாம்?

குறை சொல்லிக் கைகழுவுவது எளிது. செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, இருப்பதைக் காப்போம். சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 1974-இன்படி ஊராட்சி மன்றப் பகுதியில் கட்டடம் எழுப்புவோர் மன்றத்திடம் வரைபடம் சமர்ப்பித்து அனுமதி பெற வேண்டும். ஆகவே அண்மைக் காலக் கட்டடங்களுக்கு வரைபடம் வரையப்பட்டிருக்கும். அது குழுத் தலைவர் வீட்டு அலமாரியில் உறங்க வேண்டியதில்லை. பள்ளி வாரியமும் கோயில் நிர்வாகமும் ஒரு நாள் ஒதுக்கி அதை வருடியில் வைத்துப் படமெடுத்துப் பல இடங்களில் சேமிக்கலாம். நம் தேசிய ஆவணக் காப்பகம் 1957-இல் தொடங்கப்பட்டது. அது தனியார் தரும் ஆவணங்களையும் ஏற்றுக் காக்கிறது. மூலப் படியை அங்கு ஒப்படைப்பதற்கு மனம்தான் வேண்டும், பணம் வேண்டியதில்லை.

இரண்டாவது, இல்லாததை அளந்து வரைவோம். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்கள் பழைய மலாய் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் அளந்து வரைந்து வந்திருக்கிறார்கள். அந்த வரைபடங்கள் அங்குள்ள கலாம் என்னும் ஆய்வு மையத்தில் காக்கப்படுகின்றன. அவர்கள் தங்கள் மரபுக்குச் செய்ததை நாம் நம் மரபுக்குச் செய்ய யார் தடுத்தார்கள்? நம் பேரவை ஆண்டுதோறும் தோட்டப்புறங்களுக்குச் சென்று தன்முனைப்பு முகாம் நடத்துகிறது. அத்தோடு ஒரு நாளைச் சேர்த்துக்கொள்வோம். நான்கு அளவு நாடா, இரண்டு ஏணி, ஒரு புகைப்படக் கருவி, பத்து மாணவர்கள் போதும். ஒரு லயத்தையோ ஒரு பழைய பள்ளியையோ ஒரே நாளில் அளந்துவிடலாம். பொறியியல் மாணவர் அளக்கட்டும், இந்திய ஆய்வியல் மாணவர் அங்குள்ள தாத்தா பாட்டியிடம் கதை கேட்டு எழுதட்டும். கட்டடமும் கதையும் ஒரே கோப்பில் சேரட்டும். கனடாவின் போட்டி அட்டவணையும் ஒரு பல்கலைக்கழகத்தில்தான் பிறந்தது என்பதை நினைவில் கொள்வோம்.

மூன்றாவது, புதிதாகக் கட்டும்போது கேட்டுக் கட்டுவோம். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இந்நாட்டில் இருக்கின்றன. அவற்றுள் எங்கேனும் ஒரு மண்டபமோ நூலகமோ எழுந்துகொண்டுதான் இருக்கும். தெரிந்தவரிடம் ஒரே ஒரு வரைபடம் வாங்கித் தலையாட்டுவதற்குப் பதிலாக, மூன்று பேரிடம் கேட்போம். நம்மிலேயே இன்று கட்டடக்கலை பயிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்றையும் பள்ளிச் சுவரில் ஒட்டிப் பெற்றோரும் மாணவரும் பார்க்கட்டும். எதை எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று ஒரு பக்கம் எழுதி வைப்போம். எடுக்காத இரண்டையும் தூக்கி எறியாமல் அதே கோப்பில் வைப்போம்.

நான்காவது, அந்தக் கருங்கல் பலகையில் ஒரு வரி கூட்டுவோம். வரைந்தவர் பெயர், கட்டிய கொத்தனார்களின் தலைவர் பெயர், ஆண்டு. பெருந்தச்சனுக்கு இராசராசன் கொடுத்த இடத்தை நம் கொத்தனாருக்கு நாம் கொடுக்கக் கூடாதா?

இளைஞர்களே, நம் பெற்றோர் தலைமுறை கல்லும் மண்ணும் சுமந்து பள்ளியைக் கட்டித் தந்தது. அவர்களுக்கு நேரமில்லை, படிப்புமில்லை, கட்டியதே பெரிது. நமக்குப் படிப்பிருக்கிறது, கணினி இருக்கிறது, கையிலுள்ள தொலைபேசியிலேயே படக்கருவி இருக்கிறது. “ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்று சொல்லி வளர்ந்த இனம், தன் கட்டடத்தை அளக்காமல் ஆற்றோடு விடலாமா? அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் பள்ளி நிர்வாகத்தினரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஐயா, நம் பள்ளியின் வரைபடம் எங்கே இருக்கிறது?” இருந்தால் படியெடுத்து வாருங்கள். இல்லையென்றால் அளவு நாடாவோடு போங்கள். கரையானுக்கு விடுமுறை கிடையாது.